பதினாலாவது ஆள்

“அது சரி, இது யாரு?”

பிரம்மநாயகியம்மாள் விரலை ஊன்றிய இடத்தில், மகன் சுந்தரின் கல்யாணப் படத்தில், ஒருவர் நின்றிருந்தார். சுருட்டை முடி, முறுக்கிய மீசை, வெள்ளைச் சட்டை. அம்மாளின் சின்னப் பேத்தி தோளில் உரிமையோடு ஒரு கை. முகத்தில் பெண்ணைப் பெற்றவரிடம்கூட இல்லாத பூரிப்பு.

“உங்க பக்கத்து ஆளுன்னுல்லா நெனச்சேன்?” என்றார் பெண்ணைப் பெற்ற வைத்தியலிங்கம்.

“எங்க பக்கமா? எங்க குடும்பத்துல இப்பிடி ஒரு மீசைய வைக்க விட்டுருவோமா?”

“அப்பம் நாங்கதான் மீசைக்காரக் கூட்டமாக்கும்?”

சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, படம் எடுத்த தேவசிகாமணியைப் பார்த்தார்கள்.

பாளையங்கோட்டையில் தேவசிகாமணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய கேமராவைத் தெரியாதவர்கள் கிடையாது. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் சின்ன பிலிமில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த தொண்ணூற்றேழில், அவர் மட்டும் ‘நூற்றிருபது’ என்கிற அகலப் பிலிம் போடும் பெரிய கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து நிற்பார். சதுரப் படம். ரோலுக்குப் பன்னிரண்டே கிளிக். அந்தக் கேமராவின் முதுகில் பிலிமுக்குப் பதிலாக மாட்டுகிற டிஜிட்டல் பெட்டி ஒன்று சீமையில் வந்துவிட்டது. விலைக்குப் பாளையங்கோட்டையில் இரண்டு வீடு வாங்கலாம். அதன் விளம்பரக் கையேட்டை அவர் பைபிளுக்குள் வைத்திருப்பதாக எதிர்வீட்டில் பேச்சு. பைபிளுக்குள் இல்லை, அடியில்தான் என்று அவர் மனைவி கெசியா திருத்தியிருக்கிறாள்.

பெட்டி வராவிட்டாலும் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கூடவே ஸ்கேனரும், படத்தைத் திருத்துகிற சாஃப்ட்வேரும். “இனிமே பூமியில இல்லாத ஆளைக் கொண்டுவருவேன், இருக்கிற ஆளை இல்லாமப் பண்ணுவேன்” என்று தேவசிகாமணி டீக்கடையில் சொன்னதை எமன்கூடக் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பான்.

“எடுக்கும்போது நீங்க பாக்கலியாக்கும்?” என்று காப்பியோடு வந்த கெசியா கேட்டாள்.

“நான் முகத்தப் பாக்க மாட்டேன் கெசியா. ஃபிரேமப் பாப்பேன். பொண்ணு மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. தராசு மாதிரி நிக்கா இல்லியா, பாரு.”

தராசு மாதிரித்தான் நின்றது. ஒரு தட்டில் யாரோ ஒருவரையும் சேர்த்து.

பிரம்மநாயகியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். கண்ணாடியைக் கழற்றினால் தீர்ப்பு வருகிறது என்று அர்த்தம். “வெள்ளிக்கிழமை மறுவீட்டு விருந்து. படம் எங்க ஹால்ல தொங்கணும். இந்த ஆளு இருக்கப்பிடாது. சரியா வந்துதுன்னா எங்க பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலர் முழுக்க உமக்குத்தான். வரலைன்னா எதுத்த ஸ்டுடியோவுக்குப் போயிரும்.”

பொன்விழா மலர் என்றால் ஐம்பது வருஷத்து வாத்தியார்கள், அத்தனை வகுப்புகள். டிஜிட்டல் பெட்டிக்கு முன்பணமே அதுதான்.

“அரை மணி நேரம் போதும் மதினி,” என்றார் தேவசிகாமணி.

அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். புது மொட்டை, சந்தனம் பூசியது. மீசையும் மழித்திருந்தது. “அண்ணாச்சி, பத்தமடையிலேருந்து வாரேன். ஒரு கல்யாணப் படம் விசயமா…”

“இரும்வே. பெறவு பேசுவோம். தலைபோற சோலியா இருக்கு.”

மொட்டைத் தலைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் வெயில் படாமல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் அவருக்குத் தேவசிகாமணியின் முதுகு மட்டுமே தெரிந்தது. மதியம் வரை அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

தேவசிகாமணி பின்திரையின் சிவப்பை அள்ளி அள்ளி மீசைக்காரர் மேல் பூசினார். மீசை போயிற்று. முகம் போயிற்று. சட்டையும் வேட்டியும் போயின. கை மட்டும் போகவில்லை. பேத்தியின் சட்டையில் அடுக்கடுக்காகச் சுருக்கம். கையை அழித்தால் குழந்தையின் தோளும் சேர்ந்து போயிற்று. அந்த சாஃப்ட்வேரில் ஒரே ஒரு அடிதான் பின்னால் வரலாம். வந்தார். கையும் வந்தது.

“என்னங்க இது, ஆளில்லாம கை மட்டும் நிக்கி?” என்று கெசியா நெஞ்சில் கை வைத்தாள். “பிள்ள பயந்துராதா?”

“கை பெரிசில்ல. இந்தப் பக்கம் இப்பம் ஆறுதான் இருக்கு, பாத்தியா? தராசு சாஞ்சு போச்சு.”

சாய்ந்த தராசைச் சரிசெய்ய, வேறொரு படத்திலிருந்து ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைத் தூக்கிவந்து இடைவெளியில் நிறுத்தினார். மறுநாள் சம்பந்தியோடு வந்து பார்த்த பிரம்மநாயகியம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“கல்யாண வீட்டுல ஏத்தாத வெளக்கா?”

ஏற்றினார். சுடர் வைத்தியலிங்கத்தின் அக்காள் கொண்டையைத் தொட்டது.

“எங்க அக்கா தலையில தீய வச்சிட்டீரேவே!” என்று வைத்தியலிங்கம் எழுந்துவிட்டார். “அதோட, வெளக்கு பிள்ள தோளுல கை போட்டுட்டு நிக்கி!”

“சம்மந்தி, வெளக்கே வேண்டாம். ஆளுகள நெருக்கி நிறுத்தச் சொல்லுங்க.”

நெருக்கி நிறுத்தினார். தேவசிகாமணி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கம்ப்யூட்டர் கால் மணி நேரம் தவம் இருந்தது. அதற்குள் கெசியா முறுக்குச் சுட்டு முடித்தாள். தவம் கலைந்தபோது வைத்தியலிங்கத்தின் அக்காள் பாதியாகியிருந்தாள். மற்றப் பாதி தம்பியின் துண்டுக்குப் பின்னால் போயிருந்தது.

“நாப்பது பவுன் போட்ட பொண்ணோட அத்தை. பாதிதான் தெரியணுமாக்கும்?”

“நாப்பதுன்னு சொன்னீய, சரி. நான் நிறுத்துப் பாக்கலியே,” என்றார் பிரம்மநாயகியம்மாள்.

கெசியா அவசரமாக முறுக்குத் தட்டை நடுவில் நீட்டினாள். கல்யாண மண்டபத்தில் நடக்காத சண்டை தன் ஸ்டுடியோவில் நடந்துவிடக்கூடாதே என்று அவளுக்கு. தேவசிகாமணிக்கோ எதிர்த்த ஸ்டுடியோவின் போர்டு ஜன்னல் வழியே தெரிந்தது. அந்த ஸ்டுடியோக்காரன் வேறு தன் வாசலில் நின்று, காது கொடுத்துக்கொண்டு, நகம் வெட்டினான்.

“அண்ணாச்சி, அந்தக் கல்யாணப் படம்…” என்றது பெஞ்சு. மொட்டைத் தலைக்காரர் மறுபடியும் வந்திருந்தார்.

“உம்ம கல்யாணம் எங்கயும் ஓடிராதுவே! இரும்!”

“எனக்குக் கல்யாணம் ஆயி…”

“ஆயிட்டுன்னா அவசரமே இல்ல. உக்காரும்.”

வழி சொன்னது பிரம்மநாயகியம்மாள்தான். “என் தம்பி குமரகுருபரன் பம்பாயில லீவு கெடைக்காம நின்னுட்டான். தாய்மாமன் இல்லாத கல்யாணப் படம் ஒரு படமா? அவன அங்கன நிறுத்தும். கைக்கும் ஒரு ஆளாச்சு.”

தேவசிகாமணி அப்படியே நிமிர்ந்துவிட்டார். இது யோசனை! அம்மாள் கைப்பையிலிருந்து தம்பியின் பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்துக் கொடுத்தார். தலை இருந்தது. உடம்பு?

ஸ்டுடியோவை ஒரு சுற்றுப் பார்த்தார். வைத்தியலிங்கம் குட்டை. தான் ஒல்லி. பெஞ்சில் வெள்ளைச் சட்டை, வேட்டியோடு, கடவுள் அனுப்பியது போல ஒரு உடம்பு முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

“வே, ஒரு ஒத்தாசை. இப்பிடி வந்து நில்லும். உம்ம முகம் வராது, கவலப்படாதீரும்.”

“முகம் வராதா?” மொட்டைத் தலைக்காரருக்கு அது பிடிக்கவில்லை போலிருந்தது. ஆனாலும் வந்து நின்றார். நின்றது எப்படி? சொல்லிக்கொடுக்காமலே தோளைச் சற்றுச் சாய்த்து, இடது கையைப் பைய இறக்கி, பக்கத்திலிருந்த ஸ்டூல் மேல் ஒரு குழந்தையின் தோளைத் தொடுவது போல வைத்தார்.

“ஆஹா! நீரு பொறந்ததே இந்த வேலைக்குத்தான்வே!” தேவசிகாமணி பெரிய கேமராவை வயிற்றில் வைத்துக் குனிந்து, ஒரே ஒரு கிளிக் செய்தார். ரெண்டாவது தேவைப்படாது என்று அவருக்குத் தெரியும்.

தேவைப்படவும் இல்லை. மறுநாள், வியாழக்கிழமை, அவர் அந்த உடம்பை இடைவெளியில் கொண்டுபோய் வைத்தபோது அது அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. இழுக்கவும் வேண்டாம், குறுக்கவும் வேண்டாம். அனாதையாகக் கிடந்த கை, மணிக்கட்டில் போய் இம்மி பிசகாமல் ஒட்டிக்கொண்டது, நிறம்கூட மாறவில்லை. மேலே பம்பாய்த் தலையை வைத்தார். வைத்தியலிங்கத்தின் அக்காளை முழுசாக்கினார். ஏழு, ஏழு.

வேலை முடிந்த செய்தி தெருவுக்குப் போய்விட்டது. சம்பந்திகள் வந்தார்கள். பார்த்தார்கள்.

“அசல் குமரகுருபரன்!” பிரம்மநாயகியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பிள்ள தோளுல எப்பிடிப் பாசமா கை வச்சிருக்கான் பாத்தீயளா, சம்மந்தி?”

“சொந்தம்னா சொந்தம்தான்,” என்றார் வைத்தியலிங்கம். “அந்த மீசைக்காரப் பய கை வச்சது என்ன கோரமா இருந்துது!”

“பொன்விழா மலர் உமக்குத்தான் தேவசிகாமணி. ஆனா ஒண்ணு, அந்தத் திருட்டுப் பய யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தவன் நடுக்கூட்டத்துல நிக்கணும்னா, எவனோ ஒரு கூறுகெட்டவன் கூப்பிட்டு நிறுத்தியிருக்கணும்லா?”

“அவன் மட்டும் எங் கையில கெடச்சாம்னா…” என்று தேவசிகாமணியும் பல்லைக் கடித்தார். பொன்விழா மலர் கிடைத்த கையோடு எதையும் கடிக்கலாம்.

கெசியா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அப்போதுதான் பெஞ்சில் இருந்தவருக்கும் ஒன்று கொடுக்கவேண்டும் என்று தேவசிகாமணிக்கு நினைவு வந்தது. மூன்று நாள் பஸ் ஏறி வந்த மனிதர். உடம்பு வேறு கொடுத்திருக்கிறார்.

“வாரும்வே, பத்தமடை! இப்பம் சொல்லும், எல்லார் முன்னாலயும் சொல்லும். உமக்கு என்ன வேணும்? இன்னைக்கு நீரு என்ன கேட்டாலும் உண்டு.”

மொட்டைத் தலைக்காரர் காப்பியை வாங்கிக்கொண்டு, கூச்சத்தோடு தலையைத் தடவினார்.

“பெரிசா ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அன்னைக்குப் பக்கத்து மண்டபத்துல சாப்பிட்டுட்டு கை கழுவப் போன என்னய, ‘இந்தப் பக்கம் ஒரு ஆளு குறையுது, வாரும்வே’ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் நிறுத்துனியள்லா, அந்தப் படத்துல எனக்கொரு காப்பி, திருச்செந்தூர்ல முடியும் மீசையும் எறக்குததுக்கு முந்தி எடுத்தது அது ஒண்ணுதான்.”