ரசமட்டம் பார்த்த காபி மேசை

பூமி உருண்டையாக இருப்பதை இன்னும் மன்னிக்காத ஒரே மனிதர், உப்பளம் பகுதியில் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் ரசமட்டம். தளம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும், உள்ளே குமிழி ஓடும் அந்தக் கருவி, அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவைப் போல எட்டிப் பார்க்கும். மில்லில் இயந்திரங்களை மட்டம் பார்த்துப் பொருத்தியவர். மில்லை மூடிவிட்டார்கள், அவரை மூட யாருக்கும் தோன்றவில்லை.

டிபன் கடையில் உட்காரும் முன் மேசை மேல் கருவியை வைப்பார். "சாம்பார் ஒரு பக்கமா ஓடுது பாரு, அப்புறம் இட்லி எப்பிடி ஊறும்?" என்று சர்வரிடம் நியாயம் கேட்பார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்கு அடியில் படுத்து அட்டை சொருகிக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோவில், மாப்பிள்ளைக்குக் கீழே இன்னும் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்த வருடம் இவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அவளுக்கு நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. (பேச்சு போகவே இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.) வலது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாக மடியில் கிடந்தது. விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்றார் பயிற்சி தர வந்த பெண். மொச்சைக்கொட்டை பொறுக்கச் சொன்னோம். "நான் என்னா எல்.கே.ஜி.யா?" என்று இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டாள். அப்புறம் வலது கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பழைய மேசை மேல் உடைந்த டைல்ஸை ஒட்டிக் காபி மேசை செய்கிறார்கள். அவள் விரல்களுக்கும் வேலை ஆகும், எல்.கே.ஜி. மாதிரியும் இருக்காது என்று நினைத்தேன். செய்கிறவர் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் ஆணி அடித்தால் ஆணியைத் தவிர எல்லாம் உள்ளே போகும்.

பழைய மேசையைக் கூடத்தில் போட்டதுமே ரசமட்டம் வந்துவிட்டார். கழுவிய தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று எங்கள் கூடத்துத் தரையைச் சாய்வாகத்தான் போட்டிருக்கிறார்கள். மேசை மேல் இருந்த கண்ணைத் தரைக்கு இறக்காமல், அவர் ஒரு காலை அறுத்தார். குமிழி நடுவுக்கு வந்தது. வெளிச்சத்துக்காக மேசையை ஜன்னல் பக்கம் திருப்பினேன். குமிழி ஓடியது. எதிர்க்காலை அறுத்தார்.

"அண்ணே, இப்பிடியே போனா சப்பாத்திப் பலகை ஆயிடும்" என்றாள் மனைவி. உடம்புக்கு வந்த பிறகு அவள் கிண்டல் செய்தது அன்றுதான்.

ஒட்டுகிற பசையை நான் குழைத்தேன். பாதி மேசைக்கு, மீதி எனக்கு. அவள் தடுமாறித் தடுமாறி வலது கையால் துண்டுகளை வைத்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஐயோ, எவ்ளோ அழகா ஒட்டியிருக்கா!" என்றார்கள். அந்த 'ஐயோ'வைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரசமட்டத்திடம் அந்தக் குறை கிடையாது.

"தங்கச்சி, இது மேடு. எடு."

"கை வரல அண்ணே."

"அது குமிழிக்குத் தெரியுமா? எடு, திரும்ப வை."

அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். "முடியாதவ. கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்."

"நான் விட்டுருவேன் சார். மேசை விடாதுல்ல" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

இப்படியே நாட்கள் போயின. திட்டிக்கொண்டே பெயர்த்தாள், திட்டிக்கொண்டே ஒட்டினாள். நடுவில் வைக்க ஒரு நீலத் துண்டு மட்டும் மிச்சம். நான் உதவப் போனபோது முறைத்தாள். வலது கையால் தானே எடுத்து, தானே அழுத்தினாள். ரசமட்டம் குனிந்து கருவியை வைத்தார்.

"மேடு. எடு."

"யோவ்!" என்றாள். இத்தனை வருட 'அண்ணே' அத்தோடு போயிற்று. பாய்ந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டாள். "இது என் மேசை. மேடா இருந்தா இருந்துட்டுப் போவுது. இன்னொரு தடவ இத இங்க வெச்சே, ஒடச்சிடுவேன்!"

ஓங்கியிருந்தது வலது கை. ஐந்து விரல்களும் கருவியை இறுக்கிப் பிடித்திருந்தன.

முதலில் நான்தான் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கத்துவதை நிறுத்தினாள். அண்ணாந்து தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவா தங்கச்சி, கண்ணாடி ஒடஞ்சிடும்" என்றார் ரசமட்டம்.

டாக்டருக்கு நன்றி சொன்னோம், பயிற்சி தந்த பெண்ணுக்குச் சொன்னோம். இவருக்கு எதற்கென்று சொல்வது? தெரிந்துதான் செய்தாரா என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எத சார்? அந்த டைல் இன்னும் மேடாத்தான் இருக்கு."

இப்போதும் சாயங்காலம் வந்துவிடுகிறார். எவ்வளவு இடம் இருந்தாலும், என் மனைவி அவருடைய காபி டம்ளரை அந்த நீலத் துண்டின் மேல்தான் கொண்டுவந்து வைப்பாள், வலது கையால். டம்ளர் லேசாகச் சாய்ந்து நிற்கும். அவர் அதைப் பார்ப்பார், அவள் கையைப் பார்ப்பார், கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே குடித்துவிடுவார்.