ஐந்தாம் நம்பர் கிளாஸுக்கு நான் போட்ட மார்க்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நால்வரும் உடம்பால் நலம். மனதால் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சம்பந்தி அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இறங்கியிருந்தால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்ட வேண்டாம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஓய்வு பெற்ற கையோடு மகள் வீட்டு மாடிக்குக் குடிவந்து எங்களுக்கு எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் தங்கள் புதல்வரைப் பற்றி ஒரு குறை சொல்லியிருப்பேனா? சொன்னதில்லை. காரை வெயிலில் நிறுத்திவிட்டு, கார் நிற்க வேண்டிய கொட்டகையில் அண்டாவும் பீப்பாயும் குழாயுமாக நிறைத்து வைத்தார், பேசாமல் இருந்தேன். வீடு முழுக்க முளைகட்டி வறுத்த பார்லியின் புகை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். குளிர்சாதனப் பெட்டியில் என் கண் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் ஈஸ்ட் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. மருந்தைத் தள்ளி வைத்துக்கொண்டேன். "பியர் எப்ப தயாராகும் மாப்பிள்ளை?" என்று ஒரு நாள் மரியாதைக்குக் கேட்டேன். "பியர் இல்ல மாமா, பிரவுன் ஏல்" என்றார், நான் ஏதோ அவர் குழந்தையைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டது போல. பழுப்பாக இருக்கும், நுரைக்கும், குடித்தால் ஏறும். அதற்குமேல் எனக்கென்ன தெரியும்? நான் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டவன் இல்லை.

ஆனால் என் நாக்கைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அறையில் இருந்தவன். இருமல் மருந்து ஒவ்வொரு கொதிகலனிலிருந்தும் ஒரு கரண்டி என் நாக்கில் படாமல் பாட்டிலுக்குள் போனதில்லை. இனிப்பு இம்மியளவு ஏறினாலும் சொல்லிவிடுவேன். இதைத் தங்கள் புதல்வர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கூடத்தில் போய்ப் பெருமையாகப் பேசியிருக்கிறார். அதுதான் வினை.

அந்த மதுக்கூடத்துக்காரர் பெரிய தாடிக்காரர். வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்காக ஒரு போட்டி வைத்தார். ஆறு பேர், ஆறு பிரவுன் ஏல். ஜெயித்தவரின் சரக்கை ஒரு வருடம் அவர் கடைக் குழாயில் ஊற்றிக் கொடுப்பார். தங்கள் புதல்வர் இரண்டு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான். முதல் ஆறு தடவை காய்ச்சியதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஏழாவதை மட்டும் பாட்டிலில் அடைத்து அடுக்கிவைத்தார். நகரத்தில் பாதி லிப்டை அவர்தான் பழுது பார்க்கிறார் என்று பெயர். அந்த ஏழாவதைக் காய்ச்சிய மூன்று வாரமும் ஜனங்கள் படியேறித்தான் போயிருப்பார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கலாமா என்று என் மகளிடம் கேட்டதும் என் காதில் விழுந்தது. கேட்காதது போல இருந்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் நடுவர் ஒருவருக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துவிட்டது. தாடிக்காரர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "நான் குடிக்கிற ஆள் இல்லைங்க" என்றேன். "அதான் சார் வேணும். பழகின நாக்கு பொய் சொல்லும்" என்றார். நான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். "மாமா, கிளாஸ்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க நேர்மையா போடுங்க" என்றார். சாப்பிடும்போது ஒரு தடவை, படியேறும்போது ஒரு தடவை, மறுநாள் சட்டைக்குப் பொத்தான் போடும்போது ஒரு தடவை. சம்பந்தி, மூன்று தடவை! நேர்மையாகப் போடுங்கள் என்று மூன்று தடவை சொன்னவர் தங்கள் புதல்வர். இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஒரு பக்கம் சமையல் பத்திரிகையில் எழுதும் அம்மாள், மறுபக்கம் ஒயின் வியாபாரி. ஆளுக்கொரு தாள். வாசனை, நிறம், நுரை, ருசி, விழுங்கிய பிறகு நாக்கில் நிற்பது என்று ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து மார்க். துப்புவதற்குத் தொட்டி எங்கே என்று கேட்டேன். தொழிற்சாலைப் பழக்கம். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "இதைத் துப்பக் கூடாது சார். கசப்பு தொண்டையிலதான் தெரியும்" என்றார்கள். அறுபத்திரண்டு வயதில் இப்படியாக என் விரதம் போயிற்று.

முதல் கிளாஸ் கருகின ரொட்டியின் ஓரம் போல இருந்தது, பரவாயில்லை. இரண்டாவது வெறும் சர்க்கரைத் தண்ணீர். மூன்றாவதைக் குடித்தபோது எனக்கே ஆச்சரியம்: வறுத்த கொட்டை வாசனை, கொஞ்சம் காபி, முடிவில் லேசான கசப்பு, ஒன்றை ஒன்று முட்டாமல் வரிசையாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயின. இதற்காகத்தான் ஜனங்கள் குடிக்கிறார்களா என்று முதன்முதலாகப் புரிந்தது. நாலாவதை முகர்ந்து ஒயின் வியாபாரி, "மழையில் நனைந்த தோல் செருப்பு" என்று எழுதி எட்டு மார்க் போட்டார். செருப்புக்கு எட்டு மார்க்!

ஐந்தாவது கிளாஸ் வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. வெளிச்சத்தில் பிடித்தால் செம்பு போல மின்னியது. நிறத்துக்கு ஒன்பது, நுரைக்கு ஏழு போட்டேன். மூக்கருகே கொண்டுபோனேன். தூக்கிவாரிப் போட்டது. எனக்கு நன்றாகப் பழகிய வாசனை, ஆனால் குடிக்கிற பொருளில் வரக்கூடாத வாசனை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் புதிதாகப் பிரித்தால் வருமே, அது. வாயில் வைத்தால் இன்னும் மோசம். மற்ற இருவரும் "அருமை" என்று நாற்பத்திரண்டும் நாற்பத்தொன்றும் போட்டுவிட்டார்கள். நான் வாசனைக்கு ஒன்று, ருசிக்கு ஒன்று, நாக்கில் நிற்பதற்குப் பூஜ்யம். நிற்காமல் இருந்திருந்தால் ஏதாவது போட்டிருப்பேன். கருத்து எழுதும் இடத்தில், பழக்க தோஷம், "பிளாஸ்திரி வாசனை. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நடுவர் கருத்துகளைத் தாடிக்காரர் ஒலிபெருக்கியில் படிப்பார் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. படித்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. அதோடு விட்டார்களா? ஆளாளுக்கு ஐந்தாம் நம்பரை வாங்கி முகர்ந்து, "அட ஆமாங்க, இருக்கு!" என்று அடுத்தவரிடம் நீட்டினார்கள். நாற்பத்திரண்டு போட்ட அம்மாள்கூட இரண்டாம் தடவை முகர்ந்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகுதான் யாருடையது எந்த நம்பர் என்று அறிவித்தார்கள். மூன்றாம் நம்பர் ஒரு பல் டாக்டரம்மாளுடையது. நூற்று ஒன்பது மார்க், முதல் இடம். ஐந்தாம் நம்பருக்கு நூற்றொன்று, நாலாவது இடம். அது யாருடையது என்று இனியும் நான் எழுத வேண்டுமா?

என் மகள் கணக்கு டீச்சர். காரில் ஏறியதும் சொன்னாள்: "இன்னும் ஒன்பது மார்க் போட்டிருந்தா முதல் இடம்ப்பா." மாப்பிள்ளை சாலையைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சாவது கிளாஸ் வர்றதுக்குள்ள ஏறிப்போச்சு போல" என்றார். யாருக்கு ஏறியது சம்பந்தி? எனக்கா? ஆறாவது கிளாஸுக்கு நான் எழுதிய எழுத்தைப் பாருங்கள், அச்சு மாதிரி இருக்கும். "நீங்கதானே மாப்பிள்ளை நேர்மையா போடச் சொன்னீங்க?" என்றேன். "நேர்மையா போடச் சொன்னேன். ஊருக்கே படிச்சுக் காட்டச் சொன்னேனா?" என்றார். அதுதான் அவர் என்னோடு நேராகப் பேசிய கடைசி வார்த்தை.

இன்றோடு ஒன்பது நாள். ஒரே மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு மகளிடம் சொல்கிறார்: "உங்கப்பாவை அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." அவள் என்னிடம், "அப்பா, உப்பு" என்கிறாள். நான் தள்ளுகிறேன். "வந்துடுச்சுன்னு சொல்லு" என்கிறார். இது ஒரு குடும்பமா, தபால் ஆபீஸா? என் மனைவி பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு வாயே திறப்பதில்லை. அவள் இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததேயில்லை.

எரிச்சலோடு எரிச்சலாக இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். முந்தாநாள் சாயங்காலம் கொட்டகைப் பக்கம் போனேன். மாப்பிள்ளை கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து முகர்ந்து முகர்ந்து வைத்துக்கொண்டிருந்தார். எங்கே தப்பு நடந்தது என்று தேடுகிறார். அகப்படவில்லை. நேற்று அண்டாவைத் துணி போட்டு மூடிவிட்டு, காரைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்திவிட்டார். இத்தனை நாளாகக் காருக்காகச் சண்டை போட்ட என் மகள் ஜன்னலில் நின்று அதைப் பார்த்து அழுகிறாள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் யார் என்று யோசித்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்கள்தான். சென்ற முறை வந்தபோது அரை டம்ளர் குடித்துவிட்டு, "தேவாமிர்தம்டா" என்றீர்களாமே? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காகச் சாக்கடைக்குப் போக வேண்டிய ஆறாவது அண்டாவையா அப்படிப் புகழ்வது? சின்ன வயதிலிருந்தே குறை கேட்டு வளராத பிள்ளைக்குக் காய்ச்சும்போது கவனம் எப்படி வரும்? பாத்திர சுத்தம் எப்படி வரும்? சுத்தமில்லாத கை என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனால் என் நாக்கு பொய் சொல்லாது. ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் முதல் ரயிலைப் பிடித்து வந்து, "மாமா போட்ட மார்க் சரி, தப்பு உன் கையில்தான்" என்று தங்கள் வாயால் சொல்லித் தீர்த்துவைக்க வேண்டும். வராவிட்டால் நானும் என் மனைவியும் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.

தங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகி, படி ஏறி இறங்கும்படி ஆகவும், தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பெருகவும் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவியின் அன்பையும் என் வணக்கத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: தங்களுக்கு எழுதும் கடிதத்தை மரியாதைக் குறைவு ஏதும் இருக்கிறதா என்று என் மனைவி படித்துப் பார்த்த பிறகுதான் ஒட்டுவது வழக்கம். படித்தாள். போகாமல் நின்றாள். "ஏங்க, இந்தப் பிளாஸ்திரி வாசனை, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினா வருமா?" என்றாள். "கட்டாயம் வரும். அதில் இருக்கிற குளோரின் இருக்கே" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் விளக்கினேன். நல்ல கேள்வி கேட்கிறாளே என்று சந்தோஷம் வேறு. பிறகுதான், "நீ ஏன் கேக்குற?" என்றேன். "சும்மாத்தான்" என்றாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏழாவது தடவை காய்ச்சுவதற்கு முன் மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்தபோது, பாவம் அவருக்கு நேரமில்லையே என்று பெரிய பீப்பாயை இவள்தான் பளபளவென்று தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறாள். "நான்தான்னு தெரிஞ்சா எந்த மூஞ்சியோட இந்த வீட்ல நான் நடமாடறது?" என்று அழுதாள். நான் கீழே போய் மாப்பிள்ளையிடம், பிளீச்சிங் பவுடர் போட்டுப் பீப்பாயைக் கழுவியது நான் என்று சொல்லிவிட்டேன். "அப்ப என் கையில தப்பு இல்லையா மாமா?" என்றார். "இல்ல மாப்பிள்ளை" என்றேன். "கெடுத்ததும் நீங்க, கெட்டுப்போச்சுன்னு மார்க்கைக் குறைச்சதும் நீங்களா!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் படியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது கார் மறுபடி வெயிலில் நிற்கிறது. எட்டாவது அண்டா அடுப்பில் ஏறிவிட்டது. ஆகவே மேலே எழுதியதில் தங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்டது மட்டும் செல்லும், மற்றதைக் கிழித்துவிடவும். வர வேண்டாம். உண்மை தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர்தான், சம்பந்தி அம்மாவிடம்கூட மூச்சு விடக் கூடாது. என் மகள்தான் இப்போது என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். சமையலறையில் அவளுக்குச் சமாதானம் சொல்லும் என் மனைவியின் குரல் இங்கே கேட்கிறது: "விடும்மா, உங்கப்பாவுக்கு எப்பவுமே இப்படித்தான், வேண்டாத வேலை."