ஃபீபி சிஸ்டர் நிரப்பிய இடங்கள்

கை ஊசிமருந்துக் குப்பியின் மூடியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும், கண் அலமாரிமேல் சாத்திவைத்த ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும், உதடு மட்டும் தனியாக முணுமுணுக்கும். அப்படி ஒருவரைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள். அவர் கோடிட்ட இடத்தை நிரப்பும் இனம்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் வேலூரில் இந்த இனம் கொசுவாகப் பெருகியது. அயர்லாந்தில் நர்ஸ் வேலை வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, விட்டுப்போன சொல்லை ஊகித்து எழுதுவது என்று டியூட்டி முடிந்த நர்ஸுகளெல்லாம் பென்சிலும் கையுமாக அலைந்தார்கள்.

அவர்களில் சூரப்புலி ஃபீபி சிஸ்டர். பழகப் பழக, காகிதத்துக் கோடு போதவில்லை. யார் எங்கே மூச்சு வாங்கினாலும் அது அவருக்குக் கோடிட்ட இடம். ஞாயிறு ஆராதனையில் போதகர், "ஆகவே, பிரியமானவர்களே..." என்று நிறுத்தினால், முன்வரிசையிலிருந்து "மனந்திரும்புங்கள்" என்று வந்துவிடும்.

கணவர் எலியாஸ் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். பாவம், நிதானமாகப் பேசுபவர்.

"இன்னிக்கு கம்பெனியில..."

"லேட்டாயிடுச்சு."

"இல்ல ஃபீபி, மேனேஜரு கூப்ட்டு..."

"திட்டினாரு. நீங்க சும்மா நின்னிருப்பீங்க."

எலியாஸ் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அவருக்குப் பதவி உயர்வு வந்த செய்தி பக்கத்து வீட்டு வழியாகத்தான் சிஸ்டருக்குக் கிடைத்தது.

வீட்டோடு போயிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வார்டுக்கும் வந்தது வினை.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் காலைக் கிழித்துக்கொண்டு வந்து படுத்திருந்தார் நசீர் அகமது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே டீ ஆறிவிடும், அப்படிப் பேசுகிற மனிதர். டாக்டர் பென்சிலின் எழுதியிருந்தார். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, உயிரையே வாங்கிவிடும். அதனால் கேட்டுவிட்டுத்தான் சோதனை ஊசியே போட வேண்டும். ஃபீபி கேட்டார்.

"பாய், இந்த ஊசி முன்னாடி போட்டு ஒத்துக்காம போயிருக்கா? இல்ல தானே?"

"சிஸ்டர்... போன வருசம்... இதே ஊசிய..."

"போட்டாங்க, நல்லாயிட்டீங்க."

"போட்டதும்... எனக்கு..."

"வலிச்சுது. வலிக்காத ஊசி எங்க இருக்கு? கைய நீட்டுங்க."

கேட்டவரே பதிலும் சொல்லிக்கொண்டால் நோயாளி எதற்கு? நசீர் அகமது கையை நீட்டினார். மரியாதை தெரிந்தவர். ஊசிமுனை தோலருகே போனபோது, அவர் மனைவி அன்வரி பேகம் டிபன் கேரியரை ணங்கென்று வைத்தார்.

"இன்னாம்மா இது அநியாயம்! ஊசி போட்டதும் மூஞ்சி வீங்கி, மூச்சு அடைச்சிக்கினு, ஆட்டோவுல தூக்கினு ஓடினோம். அதத்தான் அந்த மனுசன் சொல்ல வர்றாரு. அவரு பேசறதே கம்மி, அதையும் நீயே பேசிட்டா?"

ஊசி தட்டுக்குத் திரும்பியது. ஃபீபி நேரே டாக்டரிடம் போனார், விஷயத்தைச் சொன்னார், மருந்தை மாற்றி எழுதச் சொன்னார்.

"முன்னாடியே கேக்கலியா சிஸ்டர்?"

"கேட்டேன் டாக்டர். பதிலையும் நானே சொல்லிட்டேன்."

மறுநாள் காலை கட்டு மாற்றப் போனார். "ராத்திரி எப்படி இருந்துது பாய்?" என்று கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ராத்திரியா..." நசீர் அகமது கூரையைப் பார்த்தார். பழைய கட்டு அவிழ்ந்தது. புண் துடைத்தாயிற்று. "அந்தப் பக்கத்துக் கட்டில்காரரு... ராத்திரி பூரா..."

மருந்து தடவியாயிற்று. புதுக் கட்டும் சுற்றியாயிற்று.

"...எனக்கு விசிறிக்கினே இருந்தாரு. கரண்டு போச்சில்ல."

குறட்டை என்று முந்திக்கொண்டது நீங்கள்தான். ஃபீபி சிஸ்டர் வாயே திறக்கவில்லை.