சத்தம் போடாத மினி கிரைண்டர்

அன்புள்ள தம்பி ஷோய்ச்சிக்கு,

மழைக்காலம் தொடங்கி, ஷிசுவோகாவில் துவைத்த துணி காய மறுக்கும் இந்நாளில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நானும் உன் அண்ணியும் ஒருவரோடொருவர் சண்டை போடும் அளவுக்கு நலம்.

பிளாஸ்டிக் பாகங்களைத் தேய்க்க எந்த மினி கிரைண்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு நான் வாங்கிய மலிவு மாடலையே வாங்கு. மாடல் கப்பல் செய்கிறவனுக்கு அசுர வேகம் எதற்கு? வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். இது மெதுவாகவும் சுற்றும், பேனா மாதிரி பிடிக்கலாம், கை உதறாது, முனையில் மாட்டும் பிட் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அடடா, என்ன சாமான்டா தம்பி! ஆனால் உன் அண்ணி ஃபுமியே முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதோ பாருங்க, கீழ்வீட்டுலேருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் இந்தச் சனியன் அன்னைக்கே குப்பைக்குப் போயிடும்." கீழ்வீட்டு ஒகிட்சு அம்மாளை உனக்குத் தெரியுமே, நம் வீட்டில் சாப்பிடும் குச்சி தவறி விழுந்தாலே மாடியேறி வந்துவிடுவார். ஆகையால் வழக்கப்படி முன்கூட்டியே ஒரு பெட்டி பயறு இனிப்போடு போய், இடுப்பொடியக் குனிந்து, "பயங்கரமாச் சத்தம் வரும், பொறுத்துக்கணும்" என்று கொஞ்சம் கூட்டியே சொல்லிவைத்தேன், வினை அங்கேதான்.

ஒரு வாரம் கழித்து ஒகிட்சு அம்மாள் நாயோடு வந்து நின்றார். நான் பதறிப்போய்க் கருவியைச் சோற்றுக் குக்கரில் ஒளித்தேன். "நிஷியாமா ஐயா, சத்தம் வரும்னு இனிப்புக் குடுத்தீங்க. நானும் மொத்தத்தையும் தின்னுட்டேன். காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஒரு சத்தத்தையும் காணோம்! வராத சத்தத்துக்கு இனிப்புத் தின்னா அது எனக்கு எப்படிச் செரிக்கும்?" என்றார். ஃபுமியே நிதானமாக, "என்னங்க, புகார் வந்துடுச்சு" என்றாள். "இது புகாரா? சத்தம் வரலைன்னுதானேடி சொல்றாங்க!" "புகார்னா புகார்தான்" என்று குக்கர் மூடியைத் திறந்தாள். அப்போதுதான் கோமா என்ற அந்த நாய், நீண்ட நகங்களால் தரையில் டக் டக்கென்று நடந்து என்னிடம் வந்தது. சட்டென்று அதை மடியில் தூக்கிப் போட்டு, குக்கரிலிருந்து கருவியை எடுத்து மணல்தாள் பிட்டை மாட்டி, தொட்டும் தொடாமலும் நகத்தைத் தேய்த்தேன். நாய் தூங்கியே போய்விட்டது! "ஆஸ்பத்திரியில மூணு பேர் அமுக்கிப் பிடிச்சாலும் கடிக்கும் இது" என்று ஒகிட்சு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று உன் அண்ணியும் தீர்ப்பை மாற்றிவிட்டாள். அன்று போல் நான் என்றுமே மகிழ்ந்ததில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். மழையில் நனையாதே.

உன் அண்ணன்,
தோகுஜி

பி.கு.: நீ வாங்கும்போது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கி அனுப்பு. என்னுடையதை உன் அண்ணி கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கட்டடத்து நாய்களெல்லாம் அங்கே நகம் தேய்க்க வரிசையில் நின்று குரைக்கிற குரைப்பில் எனக்குக் காது போயிற்று. போய்ப் புகார் சொல்லவும் வழியில்லை. உன் அண்ணியும் ஒகிட்சு அம்மாளும் முன்கூட்டியே ஒரு பெட்டி இனிப்போடு வந்து என்னைக் குனிந்து வணங்கிவிட்டார்கள். நான் பாதியைத் தின்றும்விட்டேன்.