மாமனாரின் பூண்டுச் சடை

ரோக்கோ ஃபிரிட்ஜைத் திறந்து பையை வெளியே எடுத்தான். மூன்று மாதம் முன்பு மாமனார் தாளோடு சடையாகப் பின்னிக் கொடுத்த பன்னிரண்டு பூண்டும் முளைவிட்டிருந்தன. பாதியில் பூசணம்.

"கெடாம இருக்கட்டும்னுதான் உள்ள வெச்சேன்."

"பூண்டைப் போய் ஃபிரிட்ஜுல வைப்பாங்களா? காத்தாடத் தொங்கவிட வேண்டியதுதானே!" மனைவி லொரெட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "மத்தியானம் அப்பா சாப்பிட வராரு. வந்ததும் அதைத்தான் தேடுவாரு."

மாமனார் உம்பெர்ட்டோ, பிராவிடன்ஸ் நகரில் தன் வீட்டுக் கொல்லையில் பூண்டு போடுகிறவர். அவர் கொடுத்த பூண்டைப் போன வருடம் வீணடித்த மூத்த மருமகனோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ரோக்கோ நல்ல பற்களைப் பொறுக்கி உரித்தான். ஜாடியில் போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ஜன்னலோரம் வைத்தான்.

"எண்ணெயில போட்ட பூண்டை வெளிய வெச்சா விஷமாயிடும்யா! எங்கப்பாவைக் கொல்லப் போறியா?"

எண்ணெயை வடித்துவிட்டுப் பற்களைத் தட்டில் பரப்பி, வறுக்க ஓவனுக்குள் தள்ளினான். மேசை துடைத்துத் திரும்புவதற்குள் புகை மண்டி, அலாரம் அலறியது. தட்டில் மிஞ்சியது கரி.

கடைக்கு ஓடினான். அங்கே பூண்டெல்லாம் தாள் நறுக்கி மொட்டையாக இருந்தது. அதில் பன்னிரண்டும் வெங்காயத் தாள் ஒரு கட்டும் வாங்கி வந்து, தாளைச் சடையாகப் பின்னி, பூண்டுகளை அதில் ஊசி நூலால் தைத்தான். ஆணியில் மாட்டவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

உம்பெர்ட்டோ நேரே சமையலறைக்குள் வந்தார். பின்னாலேயே மாமியார் ஃபிலொமினா.

"என்ன மாப்பிள்ளை, கருகின வாடை?"

"பக்கத்து வீடு, மாமா."

அவர் சடையைத் தொட்டார். ஒரு பூண்டு கையோடு வந்துவிட்டது.

அவர் அதை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். பிறகு முத்தமிட்டார்.

"மூணு மாசமாச்சு, தாள் இன்னும் பச்சைப்பசேல்னு இருக்கு பாருங்க! எந்தக் கடையில கிடைக்கும் இது? எம்மண்ணு மாப்பிள்ளை, எம்மண்ணு! பெரிய மாப்பிள்ளைக்கும் உங்களை மாதிரி காப்பாத்தத் தெரிஞ்சிருந்தா..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கழுவப் போனார். ரோக்கோ சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான்.

ஃபிலொமினா ஒரு வெங்காயத் தாளை நிமிண்டி முகர்ந்து பார்த்தாள். அவன் காதருகே குனிந்தாள்.

"நடுங்காதீங்க மாப்பிள்ளை. அவரு முழங்கால் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்போ கொல்லைப் பூண்டு மொத்தமும் மழையில அழுகிப்போச்சு. உங்களுக்குக் கொடுத்ததே நான் சந்தையில வாங்கிப் பின்னினதுதான்."