ஊர்வலையில் விழுந்த வடை

ரஞ்சித் போனைப் பிடுங்கிய வேகத்தில் செண்பகத்தின் விரலில் கிடந்த மோதிரமும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது.

"அடப்பாவி! பட்டப்பகல்ல கடைக்காரனே வழிப்பறி பண்றானே!"

"ஒரே நிமிசம்க்கா!"

செண்பகம் பக்கத்து டீக்கடைக்காரி. போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தவள், காத்திருந்த நேரத்தில் ஏதோ வீடியோ பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எட்டிப் பார்த்த ரஞ்சித் பாய்ந்து போனைப் பிடுங்கிவிட்டான். திரையில் இருந்தது அவனேதான். தோளில் துண்டு, கண்மையால் வரைந்த மீசை, எதிரே வாழை இலை.

"போதும், போதும்" என்று இலைக்கு மேல் கையை விரிக்கிறான். வடை வருகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக ஒரு வாசல் திறக்கிறது. வடை அதன் வழியாக இலைக்குள் இறங்குகிறது. கை மட்டும் இன்னும் மறுத்துக்கொண்டே இருக்கிறது. பிறகு ஒரு கனைப்பு. "இந்த தேவநாதனுக்கு சாப்பாடு முக்கியமில்ல. மரியாததான் முக்கியம்!"

தேவநாதன், ரஞ்சித்தின் வருங்கால மாமனார். விழுப்புரம் பக்கம் காணையில் கரும்பும் நெல்லும் வைத்திருப்பவர். ஆவணியில் அவர் மகள் சங்கவிக்கும் ரஞ்சித்துக்கும் மயிலம் கோயிலில் கல்யாணம். மூத்த மகளுக்கு வந்த முதல் சம்பந்தத்தை, மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் தன்னைப் 'பெருசு' என்று கூப்பிட்டதற்காக இலையிலிருந்து எழுந்து முறித்தவர்.

"இதை யாருக்கா உங்களுக்கு அனுப்பினது?"

"மயிலத்துல என் நாத்தனார் பொண்ணு. ஏன் தம்பி, நல்லாத்தானே நடிச்சிருக்க?"

அவள் போனிலிருந்து அதை அழித்துவிட்டு ரஞ்சித் உள்ளே திரும்பினான். கோட்டக்குப்பத்து சர்புதீன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த செல்போன் கடையில் இருவரும் கூட்டாளிகள்.

"சர்பு, நாலு பேருக்குத்தானடா போட்டேன்! மொத்தமா அழிச்சுடுறா!"

"எங்க போயி அழிக்கறது? இந்த ஊர்வலை ஆப்புக்கு ஓனர் கிடையாது, ஆபீஸ் கிடையாது, நடுவுல பெரிய கம்ப்யூட்டரும் கிடையாது. யாரு பாக்கறானோ அவன் போன்லயே ஒரு காப்பி தங்கிடும். அடுத்தவனுக்கு அங்கேருந்துதான் போவும். இன்டர்நெட்டே நாளைக்கு இப்படித்தான் ஆவப்போவுதுன்னு நான் சொன்னப்ப கை தட்டினது யாரு?"

கை தட்டியது ரஞ்சித்தான். போன வருடம் ஏதோ ஒரு கம்பெனி இவர்கள் கடையின் இணையப் பக்கத்தைக் காரணம் சொல்லாமல் மூடிவிட்டது. யாராலும் எதையும் அழிக்க முடியாத இடம் என்று கேட்டதும் அன்றைக்கு அவனுக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் புல்லரித்தது.

"வேற வழியே இல்லியா?"

"வெச்சிருக்கறவன் எல்லாரும் தூக்கிப் போட்டா தானா செத்துடும். இப்ப நாப்பது பேரு வெச்சிருக்கான்."

நாற்பது பேர்தானே! ரஞ்சித் உடனே ஊர்வலையில் எழுதினான்: 'வடை வீடியோவை தயவுசெய்து யாரும் பார்க்க வேண்டாம். இது ஒரு குடும்ப விஷயம்.'

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நாற்பது முன்னூறு ஆனது.

"குடும்ப விஷயம்னு எதுக்குடா போட்ட?" என்று தலையில் அடித்துக்கொண்டான் சர்புதீன். "நானே இன்னொரு வாட்டி பாத்தேன்."

"பேஜாரு பண்ணாத. வேற ஐடியா குடு."

ஐடியா ரஞ்சித்துக்கே வந்தது. அதுதான் வினை. 'வடை வீடியோவை வைத்திருப்பவர்கள் கடைக்கு வந்து எங்கள் கண்ணெதிரே அழித்தால் டெம்பர் கிளாஸ் இலவசம்.'

முதலில் வந்த நான்கு பேர் யோக்கியமாக அழித்தார்கள். ஐந்தாவதாக வந்தவனிடம் வீடியோவே இல்லை.

"இல்லாததை எப்படிப்பா அழிப்ப?"

"இருண்ணா, இப்ப டவுன்லோட் பண்ணிட்டு அழிக்கறேன்."

அதன்பிறகு வரிசை ஜூஸ் கடையைத் தாண்டியது. முன்னால் நிற்பவன் பின்னால் நிற்பவனுக்கு அனுப்பினான். காத்திருக்கும் நேரத்தில் எல்லோரும் பார்த்தார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் அனுப்பி ஜல்தியாகக் கிளம்பி வரச் சொன்னார்கள். ஒன்று அழிந்தால் ஐந்து முளைத்தது.

ரஞ்சித் பின்பக்கம் ஒதுங்கி சங்கவிக்கு போன் போட்டான்.

"சங்கவி, உங்கப்பா போன்ல ஊர்வலை இல்லதானே?"

"இருக்கே! இங்க கரும்புக்காரங்க எல்லாருமே அதுலதான். பழைய குரூப்புல கரும்பு வெட்ட ஆளு வரலன்னு புகார் போட்டா அட்மின் அழிச்சிடறாராம். இதுல யாராலயும் அழிக்க முடியாதுல்ல?"

"முடியாது" என்றான் ரஞ்சித், ஈனசுரத்தில்.

"ஆமா, அப்பா அங்க வந்துட்டாரா? மொத பஸ்சுலயே கெளம்பிட்டாரு. விழுப்புரம் போயி திண்டிவனம் பஸ் மாறணும்னாரு. எதுக்குன்னு கேட்டா பதிலே சொல்லல. மூஞ்சியே சரியில்ல."

ரஞ்சித் போனை வைத்தான். முன்பக்கம் வந்தால், வாசலில் ஒரு குரல்.

"யோவ், இங்க பாருய்யா! இவருதான்யா அது!"

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வரிசையின் நடுவே தேவநாதன் நின்றிருந்தார். சுற்றிலும் சிரிப்பு. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னா மாப்ள இது கூட்டம்? ஏதோ வீடியோ அழிக்கறாங்கன்றாங்க... என்னா வீடியோ?"

"ஒண்ணுமில்ல மாமா! கம்பெனி ஆஃபர்! நீங்க உள்ள வாங்க!"

அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஷட்டரைச் சடாரென்று இறக்கினான். வெளியே தகரத்தைத் தட்டினார்கள். உள்ளே மூன்று பேர், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. நாற்காலியில் மாமனார்.

சர்புதீன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவர் ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்தார்.

"மாப்ள, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். இந்த ஊர்வலைல ஒருத்தன் ஒண்ண போட்டுட்டா... அது போட்டதுதானா?"

ஆரம்பித்துவிட்டார். "ஆமாம் மாமா."

"போட்டவனே நெனச்சாலும் எடுக்க முடியாதா?"

"முடியாது மாமா."

"சரி. வெளையாட்டுத்தனமா ஒருத்தன் போட்டுட்டான்னு வெச்சிக்குங்க. மனசுல ஒண்ணும் கெட்ட எண்ணம் இல்ல. அவன என்னா பண்ணலாம்?"

பூனை எலியை உருட்டுவதுபோல் உருட்டுகிறார் என்று தோன்றியது ரஞ்சித்துக்கு.

"மன்னிச்சிடலாம் மாமா."

தேவநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். "மன்னிச்சிடலாமா?"

"கண்டிப்பா மன்னிக்கணும் மாமா. மனுசன்னா தப்பு பண்றதுதானே!"

"அதுக்காக ஒரு கல்யாணத்தையே நிறுத்தறதுலாம்..."

"ஐயோ! மகா பாவம் மாமா!"

"அப்படியா சொல்றீங்க?" அவர் ரஞ்சித்தை உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "உங்க போன கொஞ்சம் குடுங்க மாப்ள."

"என் போனா? எதுக்கு மாமா?"

"வீட்டுக்குப் பேசணும். என்து சார்ஜ் இல்ல."

அவர் சட்டைப் பையில் அவருடைய போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சாட்சியைக் கையோடு எடுக்கத்தான் கேட்கிறார்! தன் போனில் இருந்த வீடியோவை ரஞ்சித் காலையிலேயே அழித்துவிட்டான். ஆனாலும் ஊர்வலையைத் திறந்தால் முதல் வரியிலேயே 'உங்கள் வடை வீடியோ' என்று எண்ணிக்கையோடு நிற்கும்.

"நீங்க நம்பர் சொல்லுங்க மாமா, நான் போட்டுத் தர்றேன்."

"நானே போட்டுக்கறேன்."

"பேட்டர்ன் லாக் இருக்கு மாமா."

"தொறந்து குடுங்க."

மாமனார் இழுத்தார், மாப்பிள்ளை விடவில்லை. சர்புதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் மரியாதை ஜெயித்தது. ரஞ்சித் பூட்டைத் திறந்து போனைக் கொடுத்தான்.

தேவநாதன் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நெடுநேரம் எதையோ தேய்த்தார், தட்டினார், மறுபடி தேய்த்தார். பேச்சுச் சத்தமே இல்லை.

"போச்சுடா சர்பு" என்று முணுமுணுத்தான் ரஞ்சித். "தேடிக்கினு இருக்காரு. கண்டுபுடிச்சிட்டாருன்னா நேரா பஸ் ஸ்டாண்டுதான். சங்கவிய இனிமே போட்டோவுலதான் பாக்கணும்."

"அதுக்கு முன்னாடி கால்ல வுழுந்துடு."

அதுதான் சரி என்று பட்டது. ரஞ்சித் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "மாமா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று குனியப் போனான்.

சரியாக அந்த நேரத்தில் அவர் கையிலிருந்த போன் அடித்தது. பதறிப்போன தேவநாதனின் விரல் எங்கெங்கோ பட்டு, அழைப்பு இணைந்துவிட்டது. ஸ்பீக்கரும் சேர்ந்து போட்டுக்கொண்டது.

"மாப்ள, நான் அத்த சின்னபொண்ணு, சங்கவி அம்மா பேசறேன்" என்று கடை முழுக்கக் கேட்டது குரல். "அந்த மனுசன் அங்க வந்து கால்ல வுழுந்தாலும் வுழுவாரு, கோவிச்சிக்கினு கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு கேசரி வாயில ஒட்டிக்கினு பேச முடியாம முழிச்சீங்களே, அதை அப்படியே உங்கள மாதிரியே நடிச்சி அவருதான் ஊர்வலைல போட்டுட்டாரு, நீங்க பாக்கறதுக்குள்ள உங்க போன்லருந்து அழிக்கறேன்னுதான் பஸ் ஏறினாரு!"