இலங்கையைவிட நமக்கு ஜாஸ்தி

நாட்டோடு நாட்டை நிறுத்துப் பார்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இராது. மழை பெய்தால் நமக்கு எத்தனை அங்குலம், பர்மாவுக்கு எத்தனை அங்குலம் என்பார். பல்வலி என்று போய் நின்றால் ஜப்பான்காரனுக்குப் பல் எப்படி என்று தொடங்குவார். நீங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதற்குள் இரண்டு நாட்டில் ஒன்று ஜெயித்திருக்கும். வலி? அது அப்படியேதான் இருக்கும்.

ஆம்பூரில் இந்த இனத்துக்குத் தலைவர் சர்தார் பாஷா. தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவர். தாம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் தம்பி நயீம் அகமதுவைச் சென்னைக்கு அனுப்பி பி.ஏ., அதற்குமேல் வாத்தியார் பட்டமான எல்.டி. வரை படிக்கவைத்தவர். அந்தப் பட்டங்கள் இல்லாமல் தம்பியின் பெயரை அவர் சொன்னதே இல்லை, சாப்பிடக் கூப்பிடும்போதுகூட.

பாஷாவின் பெரிய சொத்து ஒரு காகிதம். எப்போதோ ஒரு பார்சலைச் சுற்றி வந்த அறிக்கைத் தாள். இந்தியாவில் உயர்நிலைப் பள்ளி ஆண் ஆசிரியர்கள் இத்தனை பேர், இலங்கையில் இத்தனை பேர் என்று அதில் அச்சாகியிருந்தது. ஏன் ஆண்கள் மட்டும்? ஏன் உயர்நிலைப் பள்ளி மட்டும்? கிடங்கில் கூட வேலை பார்க்கும் ஆதிகேசவன் ஒருநாள் டீக்கடையில் கேட்டே விட்டார்.

"வெள்ளாட்டுத் தோலயும் செம்மறித் தோலயும் ஒரே கட்டுல போடுவியா நீ? அதது தனித்தனியா எண்ணணும்பா. எண்ணியாச்சு. நமக்குத்தான் ஜாஸ்தி!"

"அது சின்னத் தீவு பாய். நம்ம தேசம் இன்னா, அது இன்னா?"

"ஜாஸ்தின்னா ஜாஸ்திதான்."

இப்படி ஏழு வருஷம் இலங்கை தோற்றுக்கொண்டே வந்தது. பாவம், அதற்குத் தெரியாது.

பிறகு ஊர் ஹைஸ்கூலில் வேலை கேட்டுத் தம்பி மனுப் போட்டார். இங்கே கிடைக்காவிட்டால் கர்னூலுக்குப் போகவேண்டும். அங்கே ஒரு பள்ளிக்கூடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தம்பி இல்லாத வீட்டைப் பாஷாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஷெர்வானியின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பள்ளிக் கமிட்டித் தலைவர் ரஷீத் அஹமது சாயபுவின் முன்னால் போய் நின்றார்.

"நம்ம ஸ்கூலுக்கு இன்னொரு வாத்தியார் வேணும் சாயபு."

சாயபு தாடியைத் தடவினார். "இன்னாத்துக்கு பாஷா பாய்? நம்ம நாட்டுல வாத்தியாருங்க ஜாஸ்தின்னு ஏழு வருஷமா நீங்கதானே சொல்லிக்கினு இருக்கீங்க? கம்மியா இருக்கிற எடத்துக்குத் தம்பிய அனுப்புங்களேன். இலங்கைக்கு."

முதல் தடவையாக நாடுகளைப் பாஷா அங்கேயே விட்டுவிட்டார்.

நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நாலாம் பாரம் என்கிற ஒன்பதாம் வகுப்பின் ஜன்னலோரம் நின்று, தோல் எண்ணுகிற பழக்கத்தில் இருபது இருபதாகத் தலைகளை எண்ணினார். தூங்கி வழிந்த இருவரையும் கழிவென்று தள்ளாமல் சேர்த்துக்கொண்டார். மறுபடி ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நாலு இருபது, மேல மூணு. வாத்தியார் ஒருத்தர்தான் சாயபு. கத்திக் கத்தி அவருக்குத் தொண்ட கட்டிப் போச்சு. நீங்களே வந்து எண்ணிப் பாருங்க."

சாயபுவும் தோல் தொழிலில் இருப்பவர், வாய்க்கணக்கை நம்பாதவர். போய் எண்ணினார். எண்பத்துமூன்றேதான். மறுநாளே தம்பிக்கு உத்தரவு வந்துவிட்டது.

"இப்பவாவது அந்தக் காயிதத்தக் கிழிச்சிப் போடு பாய்" என்றார் ஆதிகேசவன்.

பாஷா அதை டீக்கடைப் பெஞ்சில் விரித்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, இந்தியாவின் எண்ணை அடித்துவிட்டு, ஒன்று கூட்டிப் பக்கத்தில் எழுதினார்.

"இன்னும் ஒண்ணு ஜாஸ்தி. பி.ஏ., எல்.டி."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, இந்த மாதிரி ஆசாமிகள் ஆம்பூரில் அதிகமா, நம் ஊரில் அதிகமா என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே? எத்தனை வந்ததோ, அதில் உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.